நேரியலும் முரட்டுத் துணியும்

திருவிதாங்கூர் அரசர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1859 ஜூலை 26 அன்று வெளியிட்ட அறிவிப்பு, மேல்துணி அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தின் வெற்றியாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அன்றைய ஆவணங்கள் சாணார் என்று குறிக்கும் நாடார் பெண்கள் ரவிக்கை அணியலாம். மீனவரான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியை உடம்பில் சுற்றிக் கட்டலாம். வேறு எந்த வகையிலும் மார்பை மூடிக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் உடுத்தக் கூடாது. இதுதான் அதன் சாரம். மறைத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்த அரசு, எந்த விதத்தில் மறைக்கக் கூடாது என்பதையும் தானே வரையறுத்தது. தோளில் சரியும் மெல்லிய மேல்துணி வேறு சிலருக்கு உரியது. அந்த வேலி 1859-க்குப் பிறகும் அப்படியே நின்றது.

மெல்லிய, ஊடுருவித் தெரியும் உடைகளைக் கூச்சமில்லாமல் அணிவது எப்படி என்று இன்று பெண்கள் கேட்கிறார்கள். துணிக்கடைகளில் ஆர்கன்சாவும் நெட்டும் ஷிஃபானும் டிஷ்யூவும் குவிந்திருக்கின்றன. வாங்கும் ஆசை இருக்கிறது. உடுத்திக்கொண்டு வாசலைத் தாண்டும்போது தயக்கம் வந்துவிடுகிறது. இதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று சொல்லி அறிவுரை கூறுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை வட்டாரத்தில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில், மெல்லிய துணிக்கு இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைப் படித்தால் அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும், அது விலக என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதும் புரியும்.

நெய்யாற்றின்கரை வட்டத்தில், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயர் ஊருக்கு நிலைத்தது. திவான் உம்மிணித் தம்பி இங்கே சந்தையும் தொழில் தெருக்களும் அமைத்தார். தமிழ் நிலத்திலிருந்து சாலியர் நெசவாளர்களை அழைத்துவந்து குடியமர்த்தினார்கள். ஏழு குடும்பங்கள் வந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அரண்மனைக்கு வேண்டிய நேர்த்தியான துணியைத் தலைநகருக்குப் பக்கத்திலேயே நெய்வதுதான் நோக்கம். அப்படி வந்தவர்களின் வாரிசுகள் வீட்டில் தமிழ் பேசி, தறியில் முண்டும் நேரியதும் நெய்தார்கள். குமரி மாவட்டத்தில் நாம் நேரியல் என்று சொல்லும் மேல்துணிதான் அங்கே நேரியது.

காலக்கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அரண்மனைக்கு மென்துணி நெய்ய ஒரு தெரு உருவாகிச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. 1814-இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் ஜான் மன்றோ, கிறித்தவம் தழுவிய பெண்கள் சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் அணியும் குப்பாயத்தை அணியலாம் என்று சுற்றறிக்கை விடுத்தார். குப்பாயம் என்பது தைத்த, தளர்வான சட்டை. பெண்கள் அதோடு நிற்கவில்லை. நாயர் பெண்கள் போடுவது போன்ற மேல்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். 1822-இல் கல்குளத்தில் தொடங்கிய தாக்குதல்கள் அந்தத் தோள்துணியைக் குறிவைத்தே நடந்தன. நடுச்சந்தையில் துணியைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். 1829 பிப்ரவரி 3-இல் ராணி கௌரி பார்வதி பாயின் அரசு, குப்பாயம் போடலாம், மேல்துணி போடக் கூடாது என்று அறிவித்தது. 1858-இல் மீண்டும் கலவரம். சென்னை ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யனின் நெருக்குதலுக்குப் பிறகே 1859 அறிவிப்பு வந்தது.

சண்டை உடம்பை மூடுவதைப் பற்றியது மட்டுமாக இருந்திருந்தால் 1814-லேயே முடிந்திருக்கும். குப்பாயத்தால் உடம்பு முழுதும் மூடிவிடுகிறது. அதைப் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்த பிறகும் பெண்கள் தோள்துணியைக் கேட்டு அடிபட்டார்கள். மெல்லிய இரண்டாம் துணி எதையும் பெரிதாக மறைத்துவிடாது. அது ஓர் அழகு, ஓர் அந்தஸ்து. தேவைக்கு மேல் உடுத்திக்கொள்ளும் உரிமையின் அடையாளம் அது. நம் மூதாட்டிகள் மானத்துக்காகப் போராடினார்கள் என்று எழுதுகிறோம். அது உண்மை. அழகுக்காகவும் போராடினார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதைச் சொல்வதால் போராட்டத்தின் கண்ணியம் குறையாது.

இதே ஆண்டுகளில் நாகர்கோவிலில் இன்னொன்று நடந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், 1820-களின் தொடக்கத்தில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். துளைகளாலேயே ஆன துணி லேஸ். அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் அதைப் பின்னி விற்ற காசில் விடுதலை பெற்றதாக மிஷன் பதிவுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல்தான். ஐரோப்பியச் சீமாட்டிகள் கழுத்திலும் கையிலும் அணிந்த அந்த மென்பின்னலைச் செய்த விரல்களுக்குரியவர்கள், தோளில் ஒரு முழத் துணி போடுவதற்கு அடிவாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நாடார் பெண்களுக்கு 1859-இல் கிடைத்தது மற்றவர்களுக்கு அப்படியே கிடைத்துவிடவில்லை. நெய்யாற்றின்கரையை அடுத்த வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த புலையர் தலைவர் அய்யன்காளி, 1893-இல் வெள்ளை வேட்டியும் மேல்துணியும் தலைப்பாகையும் அணிந்து வில்வண்டியில் பொதுச்சாலையில் போனார். புலையர்களுக்கு அந்தச் சாலையும் மறுக்கப்பட்டிருந்தது, அந்த உடையும் மறுக்கப்பட்டிருந்தது. பின்னர் அவரும் தோழர்களும் சந்தைக்கு நடந்து போனபோது பாலராமபுரம் சாலியத் தெருவில் மறித்துத் தாக்கினார்கள். இவர்களும் திருப்பி அடித்தார்கள். நாட்டின் மெல்லிய துணி நெய்யப்பட்ட தெருவிலேயே, யார் எதை உடுத்தி நடக்கலாம் என்ற கேள்விக்கு ரத்தம் சிந்தியது. 1915-இல் கொல்லம் பெரிநாட்டுப் போராட்டத்தில் புலையர் பெண்கள், சாதியின் அடையாளமாகக் கழுத்தில் சுமந்த கல்லுமாலைகளை அறுத்தெறிந்து மேல்துணி அணிந்தார்கள். அய்யன்காளி வில்வண்டியேறிய அதே 1893-இல்தான் ராஜா ரவி வர்மா, தன் மகள் மகாபிரபாவை வெண்முண்டும் நேரியதுமாக நிற்கவைத்து, ‘அதோ அப்பா வருகிறார்’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். மலையாளப் பெண்ணின் அழகு என்று உலகம் பார்த்தது அந்த நேரியதைத்தான்.

ஒரே துணியை ஒரு கண் மானம் என்கிறது, இன்னொரு கண் அவமானம் என்கிறது. இதற்கு நல்ல சான்று திருவிதாங்கூர் அரசியல் தலைவர் சி. கேசவனின் தன்வரலாறான ‘ஜீவிதசமரம்’ நூலில் இருக்கிறது. அவருடைய மாமியார் இளம்பெண்ணாக இருந்தபோது, திருவனந்தபுரத்து உறவினர் கொடுத்த ரவிக்கையை ஆசையாகப் போட்டுப் பார்த்தார். அதைக் கண்ட தாயார், முஸ்லிம் பெண்ணைப் போல உடுத்தித் திரிவதா என்று ஏசி அடித்தார். அந்தத் தாயாருக்கு மார்பைத் திறந்து நடப்பது ஒழுங்கு; மூடுவது ஒழுக்கக்கேடு. இரண்டு தலைமுறைக்குள் அது தலைகீழாகிவிட்டது. இன்று ஆர்கன்சா ரவிக்கைக் கையில் தோள் தெரிகிறது என்று முகம் சுளிக்கும் பெரியம்மாவும், அன்று ரவிக்கைக்காக அடித்த தாயாரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். ஊர் அவர்களிடம் ஒப்படைத்த காவல் வேலை அது. ஊர் நாளைக்கு வேறு விதி சொல்லும்.

உரிமையின் கதை இது. அது மட்டும் தெரிந்தால் துணிவு வந்துவிடாது. மெல்லிய துணியை நூறாண்டுகளாக அமைதியாக உடுத்தியவர்கள் எதை அறிந்திருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குத் தறியருகே போக வேண்டும்.

பாலராமபுரத்தில் மரபான தறி குழித்தறி. நெசவாளர் குழியில் காலை இறக்கி உட்கார்ந்து மிதியை மிதிப்பார். கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிடும் முறை பிற ஊர்களில் பரவிய பிறகும், இங்கே நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்கும் பழைய முறை தொடர்ந்தது. வேகம் குறைவு. ஆனால் ஒவ்வோர் ஊடையிழையின் இழுப்பையும் விரல் உணர்கிறது. மெல்லிய இழை அறுவதில்லை. துணியின் இரு முகமும் ஒன்றுபோல் வருகிறது. நூல் 80 முதல் 120-ஆம் நம்பர் வரை. நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்ற கணக்கு. 100-ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 84,000 கஜம், ஏறத்தாழ 77 கிலோமீட்டர். ஒரு கிராம் நூலை நீட்டினால் 169 மீட்டர் வரும். அன்றாடத் தடித்த துணிக்கான 20-ஆம் நம்பரில் அதே ஒரு கிராம் 34 மீட்டர்தான்.

இத்தனை மெல்லிய இழையைத் தறியில் ஏற்றுமுன் பாவுக்குக் கஞ்சி போட வேண்டும். விடிகாலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவி, தேங்காயெண்ணெய் தொட்ட தூரிகையால் இழை இழையாக நீவுவார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். மழைக்காலத்தில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. இப்படி நெய்த துணியைச் சலவைக் காரமிட்டு வெளுப்பதில்லை. பருத்தியின் இயல்பான வெண்பழுப்பு நிறத்திலேயே கரையில் கசவு என்னும் சரிகை ஏறி வருகிறது. இந்தத் துணிக்கு 2009-10-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த நேரியதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கத்து விரல் தெரியும். அதையே உடுத்திக்கொண்டு பெண்கள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போனார்கள். எப்படி? உடுத்தும் முறையிலேயே விடை இருக்கிறது. முதலில் ஒன்னர: உள்ளே இறுக்கிக் கட்டி, கால்களுக்கிடையே கொண்டுபோய்ச் செருகும் உள்துணி. அதன் மேல் முண்டு, இடுப்பைச் சுற்றி ஒன்றின் மேல் ஒன்றாக விழும்படி. பிறகு நேரியது, அதன் ஒரு முனை இடுப்பில் செருகி, உடம்பைச் சுற்றி, மறுமுனை இடத்தோளில் விழுகிறது. எண்ணிப் பாருங்கள்: இடுப்பிலும் தொடையிலும் மூன்று நான்கு அடுக்கு, மார்பில் ரவிக்கையோடு இரண்டு அடுக்கு, தோளுக்குப் பின்னால் தொங்கும் முந்தியில் மட்டும் ஒற்றைத் துணி. எங்கே தெரிய வேண்டுமோ அங்கே மட்டும் மென்மை தெரிகிறது. கண் அந்த ஒற்றை முந்தியைப் பார்த்துத் துணி முழுதுமே மெல்லியது என்று உணர்கிறது. உடுத்தியவளுக்கோ அடுக்குகளின் பாதுகாப்பு தெரியும். மெல்லிய துணியை நிம்மதியாக உடுத்தும் கலை முழுவதும் இதற்குள் இருக்கிறது. இன்றைய எந்த ஆலோசனையும் இதன் விரிவுதான்.

இதன் பின்னால் எளிய ஒளிக்கணக்கு உண்டு. ஒரு துணி தன் மேல் விழும் ஒளியில் பாதியை உள்ளே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போன ஒளி உடம்பில் பட்டுத் திரும்பும்போது மீண்டும் அதே துணியைத் தாண்ட வேண்டும்; பாதியில் பாதி, கால் பங்குதான் நம் கண்ணுக்கு வரும். அதையே இரண்டு அடுக்காக்கினால் வருவது பதினாறில் ஒரு பங்கு. துணி இரட்டிப்பாகும்போது மறைப்பு பல மடங்காகிறது. ஆண்கள் இதை யோசிக்காமலே பயன்படுத்துகிறார்கள். நாலு முழ வேட்டி உடம்பில் ஒற்றையாக நிற்கும். எட்டு முழத்தை இரட்டையாக மடித்துக் கட்டுவார்கள். கல்யாண மாப்பிள்ளையின் மெல்லிய வேட்டியைப் பார்த்து யாரும் கண்ணியக் கேள்வி எழுப்புவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, துணிக்கும் தோலுக்கும் உள்ள இடைவெளி. எண்ணெய்த்தாளை எழுத்தின் மேல் ஒட்டவைத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். விரலளவு தூக்கிப் பிடித்தால் மங்கிவிடும். மெல்லிய துணியும் அப்படித்தான். கஞ்சி போட்டு விறைப்பாக நிற்கும் நேரியது உடம்பிலிருந்து சற்று விலகி நிற்கும். அதனால் உடம்பின் கோடுகளை மழுக்கிவிடும். அதே துணி கஞ்சியிழந்து தொய்ந்தால் ஒட்டிக்கொள்ளும், தெரிவது கூடும். பாட்டிமார் கஞ்சிப்பசை விஷயத்தில் காட்டிய பிடிவாதத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஆர்கன்சா ஓரளவு இயல்பாகவே விறைப்பானது. அதனால் விலகி நிற்கும். ஷிஃபான் முறுக்கேறிய இழையால் ஆனது, குழைந்து விழும், உடம்பைத் தழுவும். இரண்டும் ஒரே அளவு ஊடுருவித் தெரியும் துணி என்றாலும், உடுத்தினால் ஷிஃபானில் வடிவம் தெரிவது கூடுதல். முதன்முதலாக மெல்லிய சேலை எடுப்பவர்கள் விறைப்பான துணியில் தொடங்குவது நல்லது.

மூன்றாவது, ஈரம். பருத்தி இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்றுதான் ஒளியைச் சிதறடித்துத் துணியை வெண்மையாகக் காட்டுகிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், தண்ணீரும் பருத்தியும் ஒளியை வளைக்கும் அளவில் நெருங்கியவை என்பதால் சிதறல் குறைகிறது, துணி ஊடுருவித் தெரிகிறது. இடவப்பாதியும் துலாமழையும் என்று ஆண்டில் இருமுறை மழை கொட்டும் பகுதி இது. வெயிலிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. எனவே காலையில் கண்ணாடி முன்னால் சரியாக இருந்தது, நண்பகல் வியர்வையில் சரியாக இருக்காது. முதுகும் அக்குளும் இடுப்பும் ஈரம் ஏறும் இடங்கள். அங்கே ரவிக்கைக்குப் பருத்தி மல் துணியில் லைனிங் கொடுத்தால் வியர்வையை அது உறிஞ்சிக்கொள்ளும், மேல்துணி காய்ந்தே இருக்கும். பாலியெஸ்டர் லைனிங் மலிவு என்று தையல்காரர் அதைத்தான் பரிந்துரைப்பார். வாங்காதீர்கள். அது வியர்வையைக் குடிக்காது.

நான்காவது, வெளிச்சம் வரும் திசை. முன்னாலிருந்து வரும் ஒளி துணியின் முகத்தில் பட்டுத் தெறித்து ஒரு திரையாகும். பின்னாலிருந்து வருவது உருவத்தின் நிழலைத் துணியில் வரைந்து காட்டும். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். வாசல்படியில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, வீட்டிலிருப்பவர் ஒருவரை உள்ளேயிருந்து பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசி ஃபிளாஷ் போட்டு ஒரு படமும் எடுங்கள். ஃபிளாஷ் ஒளி நேராகப் பாய்ந்து நேராகத் திரும்புவதால் கண்ணுக்குத் தெரியாத உள்விளிம்புகூடப் படத்தில் விழும். கல்யாண மண்டபங்களில் மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை வைக்கும் காலம் இது. மேடையேறுகிறவர்கள் இரண்டையும் சோதித்துக்கொள்வது நல்லது.

நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெள்ளைத் துணிக்குள் வெள்ளை உள்ளாடை போட்டால் தெரியாது என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. நடப்பது நேர்மாறு. மாநிறத் தோலின் மேல் வெள்ளைப் பட்டை இருந்தால், தோலுக்கும் பட்டைக்கும் உள்ள வேறுபாடு மெல்லிய துணிக்கு மேலே கோடாகத் தெரியும். கண் பிடித்துக்கொள்வது எப்போதும் விளிம்பைத்தான். தோலின் நிறத்துக்கு நெருங்கியதை அணிந்தால் விளிம்பு மறைந்துவிடும். சரி, கடையில் போய் ‘ஸ்கின் கலர்’ கேட்டால் எடுத்துப் போடுவது வெளிறிய பீச் நிறம். யாருடைய தோல் அது? குமரியிலும் நெய்யாற்றின்கரையிலும் வயலிலும் கடலோரத்திலும் ரப்பர் தோட்டத்திலும் உழைக்கும் பெண்களின் தோல் அந்த நிறத்தில் இல்லை. கருத்த தோலின் மேல் அந்த பீச் நிறம், வெள்ளையைப் போலவே பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். பழுப்பு, காப்பிப்பொடி நிறம், அடர்ந்த மண்நிறம் ஆகியவையே நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்தும். கடைக்காரர் இல்லை என்றால் மறுமுறையும் கேட்க வேண்டும். நூறு பேர் கேட்டால் கொண்டுவந்து வைப்பார். மெல்லிய துணி எனக்குப் பொருந்தாது என்று கருத்த பெண்கள் நினைத்துக்கொள்வதில், தவறான நிறத்தில் விற்கப்படும் உள்ளாடைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

முண்டும் நேரியதும் சேர்ந்த செட்டு முண்டுக்கும் கசவுச் சேலைக்கும் உள்பாவாடை எடுக்கும்போது கணக்கு கொஞ்சம் மாறும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பாவாடையே நிறைந்திருப்பதால், துணியின் வெண்பழுப்பு நிறத்திலேயே அது இருக்கலாம். தெரிந்துவிடுவது அடிவிளிம்புதான். முழங்காலோடு பாவாடை முடிந்தால் அதற்குக் கீழே கால் தனியாகத் தெரியும். எனவே சேலையின் அடிக்கரையை எட்டும் நீளம் வேண்டும். நாடா முடிச்சைப் பக்கவாட்டில் விடாமல், கொசுவம் வந்து விழும் இடத்தில் வைத்தால் மடிப்புகளுக்குள் மறைந்துவிடும். முந்தியை மடித்துக் குத்தினால் ஐந்தாறு அடுக்கு, விரித்துவிட்டால் ஒற்றை. முதல் தடவை மடித்துக் குத்துங்கள்; பழகிய பிறகு விரித்துவிடலாம்.

தையலில் ஒரு செய்தி. தடித்த துணியில் உள்பக்கத் தையலும் ஓவர்லாக்கும் வெளியே தெரியாது. மெல்லிய துணியில் அந்தத் தையல் ஓரமே தடித்த கோடாகத் தெரிந்து, நல்ல துணியையும் மலிவாகக் காட்டும். வெட்டிய ஓரத்தை உள்ளே மடக்கி இரண்டு முறை தைத்து மெல்லிய குழாய்போல் முடிக்கச் சொல்ல வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. அதற்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும். கைக்கு லைனிங் இல்லாமலும் உடற்பகுதிக்கு லைனிங்கோடும் தைப்பது இப்போது எல்லாத் தையல்காரருக்கும் தெரிந்ததே. லைனிங் எங்கே முடிகிறதோ அந்த இடத்தை உடம்பின் இயல்பான மடிப்பில், தோள்மூட்டிலோ கழுத்தெலும்பின் கீழோ வைக்கச் சொல்லுங்கள். நெஞ்சுக்கு நடுவே ஒரு கோடு ஓடினால் பார்ப்பவர் கண்ணும் அங்கேயே போகும். உடுத்தியவர் கையும் அதை மறைக்க அங்கேயே போகும்.

அந்தக் கைதான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை முந்தியை இழுத்துவிடும் கை, பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் கை. உள்ளே எத்தனை அடுக்கு இருக்கிறது, எந்த வெளிச்சத்தில் என்ன தெரியும், மழை பிடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவளுக்கு அந்தக் கை ஓய்ந்துவிடும். தன்னம்பிக்கை என்று நாம் பெரிதாகப் பேசுவதில் பாதி இந்த விவரங்கள்தான். மீதிப் பாதி, என் உடையை நானே தீர்மானிப்பேன் என்ற எண்ணம். அது ஒருத்தி தனியாக வளர்த்துக்கொள்வதல்ல, சுற்றியிருப்பவர்களும் இடம்விட வேண்டும். ஆசிரியைகள் சேலைதான் உடுத்த வேண்டும் என்று நிர்வாகங்கள் வற்புறுத்துவதை எதிர்த்து, அப்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கேரள உயர்கல்வித் துறை 2021-இல் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. வசதியான உடையை உடுத்தும் உரிமையே இன்னும் சுற்றறிக்கையை நம்பி நிற்கிறது.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். மூடிக்கொள்வதற்காக உயிரைக் கொடுத்த பெண்களின் பேத்திகள், ஊடுருவித் தெரியும் துணியை உடுத்துவது அந்தப் போராட்டத்துக்குச் செய்யும் அவமரியாதை என்கிறார்கள். வயதான சிலர் மனம் நொந்தே இதைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் 1859 அறிவிப்பிலேயே இருக்கிறது. அன்று மறுக்கப்பட்டது உயர்சாதிப் பெண்களின் மெல்லிய மேல்துணி. பெயர் சொல்லி அனுமதிக்கப்பட்டவை ரவிக்கையும் முரட்டுத் துணியும். தடித்ததோ மெல்லியதோ, உடுத்துகிறவளே தேர்ந்தெடுப்பதுதான் அந்தப் போராட்டத்தின் முழு வெற்றி. முழுக்க மூடிக்கொள்ள விரும்புகிறவளின் தேர்வும் இதே கணக்கில் சேரும். அவளைப் பழமைவாதி என்று ஏளனம் செய்வதும் பழைய காவல் வேலையின் மறுபக்கம்தான். தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழா 2023 மார்ச் 6-இல் நாகர்கோவிலில் நடந்தது. தமிழக, கேரள முதல்வர்கள் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். ஆனால் 2016-இல் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றிலிருந்து இந்தப் போராட்டத்தைச் சொல்லும் பகுதியை விலக்கியது. தங்கள் மேல்துணி எந்த விலைக்கு வந்தது என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாமல் போகிறது.

நெசவாளர் நிலையையும் பார்க்க வேண்டும். விசைத்தறித் துணியில் செயற்கைச் சரிகை ஒட்டிக் கசவு என்று விற்பது ஓணக்காலத்தில் வெள்ளமாக வருகிறது. கேரள அரசு 2017-இல் தொடங்கிய கைத்தறிப் பள்ளிச் சீருடைத் திட்டம் நிலையான வேலையைக் கொடுத்தது; குடும்பங்கள் பிழைத்தன; அதை வரவேற்கிறேன். சீருடைக்கு நெய்வது உழைக்கும் துணி. நூறாம் நம்பர் நூலில் கையெறி நாடாவால் நெய்யும் விரல்களோ மூப்படைந்து வருகின்றன. நாள் முழுதும் குழியில் உட்கார்ந்து இத்தனை மெல்லிய இழையோடு மல்லாடும் வேலைக்கு, வேறு வேலையில் கிடைப்பதைவிடக் குறைந்த கூலி என்றால் பிள்ளைகள் எப்படி வருவார்கள்?

எனவே அடுத்த ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ கல்யாணத்துக்கோ நேரியல் எடுக்கப் போகிறவர்கள் பாலராமபுரம் சாலியத் தெருவுக்கே ஒருமுறை போய் வாருங்கள். களியக்காவிளையிலிருந்து அது ஒரு பேருந்துப் பயணம்தான். நூல் எந்த நம்பர் என்று கேளுங்கள். துணியைத் திருப்பிப் போட்டு இரு முகமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தறியில் அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் ஊசித்துளைகள் கரையோரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்து உங்கள் விரல் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து, அதற்கேற்ற உள்துணியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். நெய்தவர் சொல்லும் விலையில் பேரம் பேசாதீர்கள்.